நின்று நின்று நடந்தவர்

மாமாவோடு காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகிறாயா என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை முளைத்துவிடும். நடக்கிற தூரம்தான். ஆனால் அவரோடு கிளம்பினால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது.

முதலில் தெருமுனைச் சுவர். அங்கே ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முன்னால் நிற்பார். செத்தவர் யாரென்றே தெரியாது. இருந்தாலும் பெயர், ஊர், அடக்கம் செய்யும் நேரம், கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும் பேரன் பேத்திகளின் பெயர்கள் வரை விடாமல் படிப்பார். அங்கிருந்து கிளம்பினால் பஞ்சர் கடை. "இன்னா நைனா, பையன் பாஸாய்ட்டானா?" என்று ஒரு விசாரிப்பு. கடைக்காரர் பதில் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பார். அதற்கப்புறம் ஒரு பூக்காரம்மா. அப்புறம் சாக்கடை தோண்டியிருக்கும் குழி. குழியை எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? "இரு மச்சான், இத்தப் பாத்துட்டுப் போலாம்" என்பார்.

நான் அவர் மனைவியின் தம்பி. என் அக்கா ஸ்டெல்லாவைக் கட்டியவர் என்பதால் எனக்கு மாமா. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசினாலே கூசிப்போகிறவர். இதை யாராவது படித்துக் காட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவருக்கு வேலை. லாரி உள்ளே வரும்போது பெட்டியின் நம்பரையும் பூட்டின் மேல் இருக்கும் சீல் முத்திரையையும் சரிபார்க்க வேண்டும். நாளெல்லாம் நடக்கிற வேலை. அங்கேயும் இதே கதைதான். ஒவ்வொரு டிரைவரிடமும் நின்று ஊர் எது, சாப்பிட்டாயா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்பார். நாமக்கல்லில் இருந்து வருகிற டிரைவர்கள்கூட "அந்த நல்ல மனுஷன் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார்களாம். அவருக்கு ஊரில் கிடைத்த பெயர் அதுதான், நல்ல மனுஷன். அக்கா மட்டும் திட்டுவாள். "ஊர்க்கத பேசாம உன்னால நாலு எட்டு வெக்க முடியாதா?" என்பாள். எங்கள் எதிரில் திட்டுவாள். திட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தத் திருப்பலைக் கவனிக்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

ஒரு வருஷம் ராயபுரத்தில் மாதா திருவிழா. சப்பரம் தூக்க எங்கள் தெரு ஆண்கள் போனோம். மாமாவும் தோள் கொடுத்தார். ஒரு தெரு தாண்டித் திரும்பும்போது பார்த்தால் அவர் தோள் இருந்த இடத்தில் வேறு யாரோ. ஊர்வலம் நின்ற இடத்தில் விலகிப் போய்த் தேடினேன். பஞ்சுமிட்டாய்க்காரனின் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"இன்னா மாமா?"

"செருப்பு அறுந்துபோச்சு மச்சான்."

சப்பரம் தூக்கும்போது யாரும் செருப்பு போடுவதில்லை. அவர் காலிலும் இல்லை. நான் அவர் வெறுங்காலைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பாதங்களை லுங்கிக்குள் இழுத்துக்கொண்டார். அவ்வளவு சின்னப் பிள்ளைத்தனமான பொய்யை அவ்வளவு பெரிய ஆள் சொன்னதில் எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "சரி, நான் போய் தண்ணி வாங்கியாறேன்" என்று அங்கிருந்து நகர்ந்தேன்.

அதற்கு அடுத்த கோடையில்தான் யார்டில் விழுந்தார்.

வெயில் நேரம். அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் கிடந்தாராம். ஆட்கள் ஓடிப் போய்ப் பார்க்கும்போது எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். நாக்கு குழறியது. பேன்ட் நனைந்திருந்தது. கிரேன் ஓட்டுகிற ஒருவன், "போட்டுகினு வந்துட்டான்பா" என்று சிரித்தான். சூப்பர்வைசர் வந்து முகத்துக்கு நேரே குனிந்தார்.

"குடிச்சியா?"

"ஆமா சார்" என்றார் மாமா.

இதை எங்களிடம் வந்து சொன்னவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட ஒயின் தம்ளரை உதட்டில் வைத்துவிட்டு அப்படியே கீழே வைக்கிற மனுஷன். ஆனால் அவரே ஆமாம் என்கிறாரே. பெரியவர்கள் யாராவது வந்து உத்தரவாதம் சொன்னால்தான் மறுபடி வேலை என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். அவருடைய அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், என் அம்மாதான் போனாள். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையனுக்காகப் போவது மாதிரி, வளர்ந்து ஆளான மருமகனுக்காக யார்டு கேட்டில் நின்றாள். பொறுப்பாக ஒரு சத்தியம் பண்ண வையுங்கள், வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாராம் சூப்பர்வைசர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் மாமா முழங்காலில் நின்றார். கோயிலில் பாதிப் பேர் கலைந்து போகாமல் வேடிக்கை பார்க்க நின்றார்கள். சாமியார் சொல்லச் சொல்ல இவர் திருப்பிச் சொன்னார்.

"மாதாவின் சாட்சியாக..."

"மாதாவின் சாட்சியாக..."

"இனிமேல் குடிக்கு அடிமையாக மாட்டேன்..."

நடுவில் அவருக்குக் குரல் வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. மனம் வருந்தி அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். சாமியார் அவர் தலையில் கை வைத்தார். என் அம்மா முக்காட்டுக்குள் விசும்பினாள். அக்கா மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. அவள் கையைப் பிடித்திருந்த ஜெனி, மூன்றாம் வகுப்பு படிக்கிற அவர்கள் பெண், அப்பாவின் முதுகை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாமாவை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுகிறவன் அவருக்குத் 'தீர்த்தம்' என்று பெயர் வைத்தான். "தீர்த்தம் வருது, வழி உடு" என்று தூரத்தில் இருந்தே குரல் கொடுப்பான். மாமா சிரித்துக்கொண்டே போவார். சிரித்துக்கொண்டே நின்றும் கொள்வார். கேலிக்குப் பதில் சொல்ல நிற்கிறார் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வஞ்சிரம் வறுவல். ஜெனி தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிமிர்ந்து கேட்டாள்.

"டாடி, நீ குடிச்சியா?"

யாரும் மெல்லவில்லை.

"ஸ்கூல்ல சொல்றாங்க. கோயில்ல முட்டி போட்டது உங்கப்பாதானேன்னு கேக்கறாங்க."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு தபா குடிச்சேம்மா" என்றார்.

பிள்ளை எச்சில் கையோடு எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டது. அக்கா கையில் இருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

"போதும்" என்றாள். "பெத்த புள்ளையாண்டயும் பொய் சொல்லியாச்சு. இதுக்கு மேல என்னால முடியாது. அம்மா, இவரு குடிக்கவே இல்ல. பொறக்கறப்பவே இவருக்கு ஹார்ட்ல கோளாறு. சின்ன வயசுல நெஞ்ச கீறி ஆபரேசன் பண்ணிக்கீறாங்க. கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் கத்த ஆரம்பித்தாள். ஏமாற்றிவிட்டார்கள், ஓட்டைப் பாத்திரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள், தெரிந்திருந்தால் பெண்ணைக் கொடுத்திருப்பேனா என்று செத்துப்போன சம்பந்தியம்மாளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கடைசியில் மூச்சு வாங்க நின்று சொன்னாள்.

"குடிகாரனா இருந்தாக்கூடப் பரவால்லியே. குடிச்சா திருத்தலாம். இத்த இன்னா பண்றது?"

மாமா அதுவரை தலை நிமிரவே இல்லை. "அதான் அத்த, சொல்லல" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை சரியா என்று கேட்பது மாதிரி இருந்தது. சோற்றின் மேல் ஈ உட்கார்ந்தது. யாரும் ஓட்டவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர் என்னிடம் கொஞ்சம் பேசினார். அதுவும் நான் கேட்டதற்கு மட்டும். ராயபுரத்தில், அவர் பிறந்த தெருவில், பிள்ளைகள் அவரை 'இங்கி பாட்டில்' என்று கூப்பிடுவார்களாம். உதடும் நகமும் மை மாதிரி நீலமாக இருக்கும். ஓடினால் மூச்சு போய்விடும், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் திரும்பி வரும். ஆபரேஷன் முடிந்து நகமெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மா செய்த முதல் வேலை, தங்களை யாருக்கும் தெரியாத திருவொற்றியூருக்குக் குடி மாறியது. "சரியாப்பூச்சு. இனிமே யாராண்டயும் வாய தொறக்காத. சொன்னா வேலையும் கெடைக்காது, பொண்ணும் கெடைக்காது." ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களைக்கூட அந்தம்மாள் வைக்கவில்லை. சரியாகிவிட்டதற்கு எதற்குக் காகிதம்?

"அப்ப இவ்ளோ நாளா மூச்சு வாங்கிச்சே, அது?"

"ரெண்டு மூணு வருஷமாத்தான் மச்சான் ஜாஸ்தி. நடக்கறப்ப நடுவுல நின்னாகணும். சும்மா நின்னா கேப்பாங்க. அதான் எதனா ஒண்ணப் பாக்கறது."

பஞ்சர் கடைக்காரரின் மகன் பாஸானதில் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டுக் கேட்டு அக்கறையும் வந்திருக்கும். ஆனால் ஊரே நல்ல மனுஷன் என்று கொண்டாடியது ஒரு ஆள் மூச்சுக்குத் தவித்து நின்றதைத்தான் என்பது எனக்கு அந்தச் சாயங்காலம் உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டில் போகிற தண்ணி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே பிறவி இதயக் கோளாறோடு வளர்ந்து பெரியவர்கள் ஆனவர்களுக்கென்று வாரத்தில் ஒருநாள் தனியாகப் பார்த்தார்கள். அப்படி ஒரு கூட்டம் இருக்கும் என்றே மாமாவுக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மீசை வைத்தவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், காலேஜ் பை மாட்டிய ஒருத்தன். "இவங்கெல்லாமா?" என்று என் காதில் கேட்டார்.

டாக்டர் ஒரு அம்மா. நரைத்த தலை, சின்ன உருவம்.

"எவ்வளவு தூரம் நிக்காம நடப்பீங்க?"

"எவ்ளோ வேணா நடப்பேன் டாக்டர்."

"மாடிப்படி?"

"அதுவும்தான்."

அந்த அம்மா ஒன்றும் எழுதவில்லை. எழுந்து, "வாங்க, பேசிக்கிட்டே நடக்கலாம்" என்று வராந்தாவில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன். வேலை எங்கே, பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். வராந்தாவின் பாதியில் ஒரு அறிவிப்புப் பலகை. மாமா நின்றார். கை கழுவும் முறை பற்றிய படம். முழுவதும் படித்தார். டாக்டரும் நின்றார். படித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"நிக்கணும்னா நில்லுங்க. இங்க அதுக்குக் காரணம் தேட வேணாம்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார், சத்தமாக, வாயைத் திறந்து. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்தது. துடைக்கவும் வெட்கப்பட்டுத் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிறையப் பார்த்தார்கள். எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு நாள் முழுக்க வீட்டுக்கு அனுப்பி, துடிப்பைப் பதிவு செய்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து, "மூச்சை இழுங்க, வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அவரால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு முறையும் படம் கலங்கிப் போனது. "சாரி சார், சாரி சார்" என்று உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அந்த டெக்னீஷியன் பையன் சொன்னான். நடுவில் விட்டு விட்டு, அவரால் முடிகிற அளவுக்குச் சின்னச் சின்னதாக எடுத்து முடித்தார்கள்.

டாக்டர் அம்மா கம்ப்யூட்டரில் அதைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இதயம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்து தொங்குகிற மாதிரி தெரிந்தது.

"நுரையீரலுக்கு ரத்தம் போற வழி உங்களுக்குப் பிறக்கும்போதே ரொம்பக் குறுகலா இருந்திருக்கு. அத வெட்டி அகலப்படுத்தியிருக்காங்க. அன்னைக்கு உங்க உயிரக் காப்பாத்தினது அதுதான். ஆனா அந்த வாசல்ல இப்ப கதவு இல்ல. போற ரத்தத்துல பாதி திரும்பி வந்துடுது. வலது பக்க அறை இத்தன வருஷமா அதையும் சேத்துத் தள்ளித் தள்ளி வீங்கிப்போயிருக்கு. அதனாலதான் துடிப்பு தாறுமாறா ஓடி அன்னைக்கு விழுந்தீங்க. புதுசா ஒரு வால்வு வைக்கணும்."

"சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே டாக்டர்" என்றார் மாமா.

"அப்ப எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். இது ஒரு தடவையோட முடியறது இல்ல. வருஷா வருஷம் வந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கணும். இப்ப வைக்கிற வால்வும் ஒருநாள் தேயும்."

மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். சி.டி. ஸ்கேன் படத்தில் இதயம் நெஞ்செலும்பின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய தழும்பு அப்படி இழுத்து ஒட்டியிருக்கிறது. இரண்டாம் முறை எலும்பை அறுக்கும்போது இதயத்திலேயே படலாம். அதனால் நெஞ்சைத் தொடும் முன்பே தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வேலையைச் செய்கிற மெஷினைத் தயாராகப் பொருத்தி வைப்பார்கள். ரத்தம் நிறைய வேண்டும். கொடுக்க ஆட்களைக் கூட்டி வாருங்கள்.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பு அறுப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"ரத்தத்துக்கு யார்டுல யாரையும் கூப்ட்றாத மச்சான்."

"சொந்தத்துல அத்தன பேர் இல்லியே மாமா."

"குடிகாரன்னு நெனச்சிகினு இருக்கட்டும். பரவால்ல. இத்த சொல்லாத."

சொல்லாமல் முடியாது. நான் யார்டு கேட்டில் போய் நின்றேன். ஷிப்ட் மாறுகிற நேரம். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள், சூப்பர்வைசரும் இருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கிரேன் ஓட்டுகிறவன் கையில் இருந்த தம்ளரில் டீ ஆடை கட்டியது. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். ரத்த வங்கியில் நர்ஸ் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்தாள். கிரேன் ஓட்டுகிறவன் முறை வந்தது.

"நேத்து ஆல்கஹால் எடுத்தீங்களா?"

அவன் வாய்க்குள்ளேயே, "ஆமா மேடம்" என்றான்.

அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கொடுத்து முடிக்கும் வரை பெஞ்சில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிறகு எல்லோருமாக மாடிக்குப் போய் மாமாவைப் பார்த்தார்கள். மாமா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணே" என்றான் அவன்.

"சொல்லியிருந்தா பொட்டி பாக்க உட்ருப்பீங்களா?"

சூப்பர்வைசர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்.

ஆபரேஷன் விடிந்ததும் தொடங்கியது, வெயில் சாய்ந்த பிறகும் முடியவில்லை. அம்மா ஜெபமாலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் உட்காரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இளம் டாக்டர் வந்து, திறக்கும்போது ரத்தம் நிறையப் போனது, மெஷின் தயாராக இருந்ததால் சமாளித்தார்கள், இப்போது வால்வு வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நாற்காலியின் கையை விட்டுப் பிடித்து விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரிய டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கி, "நல்லா இருக்கார்" என்றபோது அவள் அழவில்லை. "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும் டாக்டர்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று புரியாமல் அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வார்டுக்கு மாற்றியபிறகு அம்மா கூஜாவில் கஞ்சி கொண்டுபோனாள். கட்டில் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாதவள். முந்தானையால் கூஜாவைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"ஃபாதராண்ட கேட்டேன்" என்றாள் கடைசியில். "அந்தச் சத்தியத்த வாபஸ் வாங்கிக்க முடியுமான்னு."

மாமா சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்திருக்க வேண்டும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இருந்துட்டுப் போட்டும் அத்த. எப்டியும் குடிக்கப் போறதில்ல."

அம்மா கஞ்சியை ஊற்றப் போனவள், ஊற்றாமல் வராந்தாவுக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

எலும்பு கூடி, நடை வந்து, டாக்டர் அம்மா வேலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு மாமா யார்டுக்குப் போனார். சூப்பர்வைசர் எழுந்து நின்று கை கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஆபீஸ்ல ரிஸ்க் எடுக்க மாட்டேங்கறாங்கப்பா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? எங்கனா ஒக்காந்து பாக்கற வேலையா பாரு." அதே மாதம் கிரேன் ஓட்டுகிறவன் டூட்டியில் குடித்து மாட்டினான். நாலு நாள் வெளியே நிறுத்திவிட்டு அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவனே வந்து மாமாவிடம் இதைச் சொன்னான். சொல்லிவிட்டு, "என்னை எடுத்துகினாங்கண்ணே" என்று மறுபடியும் சொன்னான். அவனுக்கே அது எப்படி நடந்தது என்று விளங்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு இடத்தில் வேலை கேட்டார். இரண்டு இடத்திலும் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் உள்ளதைச் சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாக மணலி போகிற ரோட்டில் ஒரு லாரி எடை மேடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டோம். கிளம்பும்போது அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கிட்ட வந்தாள். "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிடேன். எக்கோல்லாம் நல்லாத்தான கீது" என்றாள். அம்மாவும் உள்ளே இருந்து, "ஆமா மாப்ள, எதுக்கு சும்மா சொல்லிகினு" என்றாள். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

எடை மேடைக்காரர் கிழவர். கை முழுக்க கிரீஸ் ஏறிய தழும்பு. பழைய மெக்கானிக்காக இருக்க வேண்டும். மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"உடம்புல எதனா கோளாறு கீதா?"

மாமா மூச்சை இழுத்தார். "நெஞ்ச ரெண்டு தபா தொறந்துக்கீறாங்க பெரியவரே. பொறவிக் கோளாறு. வருஷத்துக்கு ஒரு தபா லீவு வேணும், போய்க் காட்டணும். இன்னொரு தபாவும் தொறக்க வேண்டி வரலாம்."

கிழவர் பொக்கை வாயால் சிரித்தார்.

"ரெண்டு தபாவா? அப்ப நட்டு போல்ட்டெல்லாம் ஒழுங்கா முடுக்கியிருப்பான். நாளைக்குக் காலைல வந்துடு."

மாமா சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல், நடுவில் விடாமல், மேடையில் நின்ற லாரியின் டிரைவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு அவரோடு சேர்ந்து சிரிக்க வாய் வரவில்லை. அவர் பதில் சொல்லத் தொடங்கியபோது, சொல்லாதே என்று அவர் முழங்கையைப் பின்னாலிருந்து கிள்ளியிருந்தேன். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டு மூடிக்கொண்டேன்.